பெட்டியின் மேல் 525 என்று போட்டிருக்கிறது

பெரிய கடைகளின் பொம்மைப் பிரிவிலும் இணையக் கடைகளிலும் அந்தத் தொலைநோக்கி தவறாமல் இருக்கும். வெள்ளைக் குழல், மெல்லிய அலுமினிய முக்காலி, பெட்டியின் மேல் வளையத்தோடு ஜொலிக்கும் சனி, பின்னணியில் ஊதாவும் சிவப்புமாக ஒரு நெபுலா. மூலையில் கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’. அதற்குக் கொஞ்சம் தள்ளி, குட்டையும் தடியுமாக இன்னொன்று நிற்கும். விலை மூன்று நான்கு மடங்கு கூடுதல். ஆனால் இத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற பேச்சே அதன் பெட்டியில் இல்லை. 150/750 என்று இரண்டு எண்கள் மட்டும். மகளின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கப் போகிற அப்பா எதை எடுப்பார்?

முதலாவதைத்தான் எடுப்பார். அன்று இரவே மொட்டை மாடியில் முக்காலியை விரித்து, அரை மணி நேரம் திண்டாடிச் சனியைப் பிடித்து, 525 மடங்குக்கான லென்ஸ்களைப் பொருத்திப் பார்த்தால், இருட்டுக்குள் ஒரு மங்கலான பழுப்புக் கறை நடுங்கிக்கொண்டே கடந்து போகும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெட்டியில் இருப்பது பொய் இல்லை. அதுதான் வேடிக்கை.

தொலைநோக்கியின் முன்பக்க லென்ஸ், தூரத்துப் பொருளின் ஒரு சிறிய பிம்பத்தைக் குழலின் மறுமுனையில் உருவாக்குகிறது. லென்ஸுக்கும் பிம்பத்துக்கும் உள்ள தூரம் குவியத் தொலைவு. அந்தப் பிம்பத்தை நாம் இன்னொரு சின்ன உருப்பெருக்கி வழியாகப் பார்க்கிறோம். பாடப்புத்தகம் அதைக் கண்ணருகு லென்ஸ் என்கிறது. வானம் பார்ப்பவர்கள் ஐபீஸ் என்பார்கள். முன் லென்ஸின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது வந்துவிடும். அந்த வெள்ளைக் குழலுக்கு 700 மில்லிமீட்டர். கூடக் கொடுத்திருக்கும் ஐபீஸ்களில் ஆகச் சிறியது 4 மில்லிமீட்டர். வகுத்தால் 175. நடுவில் பொருத்தப் ‘பார்லோ’ என்றொரு லென்ஸும் தந்திருப்பார்கள். அது எதையும் 3 மடங்காக்கும். 175-ஐ 3-ஆல் பெருக்கினால் 525. கணக்கு சுத்தம்.

இதே வழியில் எந்தத் தொலைநோக்கியையும் ஆயிரம் மடங்கு காட்டவைக்கலாம். இன்னும் சிறிய ஐபீஸ் ஒன்று போதும். அதாவது உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குணமே கிடையாது. இந்த நிமிடம் அதன் பின்னால் எந்த ஐபீஸைச் செருகியிருக்கிறோம் என்பதன் கணக்கு, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் போதும்? வெறுங்கண்ணுக்கு நிலா அரைப் பாகை அகலம். ஒரு பாகையை 3600 வில்நொடிகளாகப் பிரித்தால் நிலா 1800 வில்நொடி. வியாழன் நமக்கு நெருக்கமாக வரும் மாதங்களில் சுமார் 45 வில்நொடி. நாற்பது மடங்கு பெரிதாக்கினாலே, வியாழன் வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலா அளவுக்கு வந்துவிடும். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டபோது கையில் வைத்திருந்தது சுமார் இருபது மடங்குக் குழல். அதே ஆண்டு சனியைப் பார்த்தவருக்கு அது ஒரு கோளும் இரு பக்கமும் ஒட்டிய இரண்டு சிறு உருண்டைகளுமாகத் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து உருண்டைகளைக் காணோம். வளையம் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பி, தகட்டின் விளிம்பு மட்டுமே நம் பக்கம் இருந்திருக்கிறது. பாவம், அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. 1650-களில் ஐம்பது மடங்கை ஒட்டிய குழல்களை வைத்துக்கொண்டு, அது வளையம்தான் என்று கண்டு சொன்னவர் நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். சனியின் பெரிய நிலாவான டைட்டனையும் அவர்தான் கண்டுபிடித்தார். ஐம்பது மடங்கில் இவ்வளவு கிடைக்குமானால் ஐந்நூறில் ஏன் கறை?

காரணம் ஒளியின் சுபாவத்திலேயே இருக்கிறது. ஒளி ஓர் அலை. ஒரு வட்டத் துளைக்குள் நுழையும் எந்த அலையும் விளிம்பில் சற்றே சிதறித்தான் உள்ளே போகும். இதை விளிம்பு விளைவு என்கிறோம். அதனால், எவ்வளவு கச்சிதமாகக் கடைந்த லென்ஸும் விண்மீனைப் புள்ளியாகக் குவிக்க முடியாது. ஒரு சிறிய வட்டத் தட்டாகத்தான் குவிக்கும். அதைச் சுற்றி மெல்லிய வளையங்களும் இருக்கும். இந்தத் தட்டின் அளவைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜார்ஜ் ஏய்ரி என்ற ஆங்கிலேய வானியலாளர், 1835-இல். அவர் கணக்கின் சாரம்: லென்ஸ் அகலமாக ஆக, தட்டு சிறுத்துக்கொண்டே போகும்.

இதை வாசலிலேயே பார்க்கலாம். மாவைத் தடியாக விட்டு, புள்ளிகளை நெருக்கி வைத்த கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் விழுந்த இடத்திலேயே ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நீங்கள் எவ்வளவு குனிந்து, எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் அவை இரண்டாகப் பிரியாது. பெரிய வெள்ளைத் திட்டு ஒன்றுதான் தெரியும். மாவு மெலிதாக விழுந்திருந்தால் மட்டுமே இரண்டும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். குனிவது உருப்பெருக்கம். மாவின் தடிமனைத் தீர்மானிப்பது தொலைநோக்கியின் முகப்பு விட்டம், அதாவது அபெர்ச்சர்.

இரண்டு நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டும் இந்தத் திறமைக்குப் பிரிதிறன் என்று பெயர். தாளில் கணக்கிட்டது இருக்கட்டும், நடைமுறையில் அதை அளந்தவர் ஒருவர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வில்லியம் டாஸ் என்ற பாதிரியார், மிக நெருக்கமான இரட்டை விண்மீன்களை வெவ்வேறு அகலத் தொலைநோக்கிகளில் வருடக்கணக்கில் பார்த்து, எந்த அகலத்துக்கு எந்த ஜோடி வரைதான் பிரிகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். கழுகுக் கண்ணர் என்று பேர் வாங்கியவர். ஆனால் கிட்டப்பார்வைக்காரர், தெருவில் எதிரே வரும் மனைவியையே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடுவார் என்று சொல்வார்கள். அவர் வகுத்த விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 116-ஐ முகப்பு விட்டத்தின் மில்லிமீட்டரால் வகுத்தால், அந்தக் கருவி பிரிக்கக்கூடிய ஆகச் சிறிய இடைவெளி வில்நொடியில் வரும். நம் வெள்ளைக் குழலின் விட்டம் 60 மில்லிமீட்டர். அதன் எல்லை ஏறத்தாழ 1.9 வில்நொடி. பக்கத்தில் நின்ற தடிக்குழலுக்கு 150. அதன் எல்லை 0.8-ஐ ஒட்டி.

நல்ல கண், 60 வில்நொடி இடைவெளியைப் பிரித்தறியும். ஆகவே 60 மில்லிமீட்டர்க் குழல் காட்டும் ஆக நுண்ணிய விவரத்தைக் கண் சிரமமில்லாமல் பார்க்க, அதை அறுபது, எழுபது மடங்கு பெரிதாக்கினால் போதும். தாராளமாக வைத்துக்கொண்டால் நூற்றிருபது. அதற்கு மேல் பெரிதாவதெல்லாம் கலந்துபோன மாவுத் திட்டுதான். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கு, அதுவே உச்சவரம்பு என்று வானம் பார்ப்பவர்கள் சொல்லும் கைக்கணக்கு இதிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. முன் லென்ஸ் பிடிக்கும் வெளிச்சம் இவ்வளவுதான் என்று நிர்ணயமாகிவிட்டது. 35 மடங்கில் பார்க்கும்போது சனியின் வட்டில் பரவிய அதே வெளிச்சத்தை 525 மடங்கில் 225 பங்கு அதிகப் பரப்பில் தேய்த்துப் பரப்ப வேண்டியிருக்கிறது. மங்காமல் என்ன செய்யும்? இருட்டில் நம் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அதுவும் குறையும். 60 மில்லிமீட்டர் லென்ஸின் பரப்பு அதைப் போல் எழுபது மடங்குக்குச் சற்று அதிகம், தடிக்குழலில் லென்ஸுக்குப் பதில் இருக்கும் 150 மில்லிமீட்டர் ஆடியின் பரப்பு நானூற்றைம்பது மடங்குக்கு மேல். பெட்டியில் பெருமையாகப் போட வேண்டிய எண் இதுதான்.

மிகப் பெரிய உருப்பெருக்கத்துக்கு வேலையே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக்கலைஞராகப் பிழைத்துக்கொண்டிருந்த வில்லியம் ஹெர்ஷல், தானே தேய்த்து மெருகேற்றிய உலோக ஆடி கொண்ட தொலைநோக்கியால், 1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்திலிருந்து வானத்தைத் துழாவினார். ஆடியின் விட்டம் 6.2 அங்குலம், நம் தடிக்குழலைவிட ஒரு விரற்கடை கூட அதிகமில்லை. 227 மடங்கில் ஒரு விண்மீன் மட்டும் வித்தியாசமாகத் தெரிந்தது. உடனே ஐபீஸை மாற்றி 460, பிறகு 932 என்று ஏற்றினார். உண்மையான விண்மீன்கள் அந்த விகிதத்தில் பருப்பதில்லை என்பது அவர் அனுபவம். இதுவோ ஏற ஏற அதே விகிதத்தில் பருத்தது. அப்படியானால் அது ஒரு வட்டு, சூரியக் குடும்பத்துக்குள் இருக்கும் பொருள். வால்வெள்ளி என்றுதான் முதலில் அறிவித்தார். பிறகு அது யுரேனஸ் கோள் என்று உறுதியானது. ஹெர்ஷல் வரம்பை மீறியது ஒரு சோதனைக்காக. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான விண்மீன்களைப் பார்த்துப் பழகியிருந்தார். பிறந்தநாள் பரிசுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

அகலமான கருவி வாங்கினாலும் தலைக்கு மேலே காற்று இருக்கிறது. சூடும் குளிர்ச்சியுமாகக் கலங்கும் காற்றுப் படலங்கள்தான் விண்மீனை மினுக்கவைக்கின்றன. சாதாரண இரவில் அந்தக் கலக்கம் ஒன்றிரண்டு வில்நொடி நுணுக்கங்களை அழித்துவிடும். அதனால் 150, 200 மடங்குக்கு மேல் நன்றாகத் தெரியும் இரவுகள் எவருக்கும் அபூர்வம். நம் ஊரில் இதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு: மொட்டை மாடித் தளம். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டும் ஓடும் இரவு பத்து மணி வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்த வெப்பக் காற்றில் கோள்கள் நீச்சலடிக்கும். சாயங்காலமே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மண்தரை கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்போது எந்தக் கடைக்காரரும் பேசாத பாகத்துக்கு வருகிறேன்: தாங்கி. என்னைக் கேட்டால், முதல் தொலைநோக்கி கெட்டுப்போவது கண்ணாடியால் அல்ல, காலால். தொலைநோக்கி நிலாவை நூறு மடங்கு பெருக்கும்போது, தன் நடுக்கத்தையும் நூறு மடங்கு பெருக்குகிறது. கடையிலோ நண்பர் வீட்டிலோ வாய்ப்புக் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். எழுபது, எண்பது மடங்கில் தூரத்து செல்ஃபோன் கோபுரத்தைப் பிடித்து, குழலின் பக்கவாட்டில் ஒரு விரலால் தட்டுங்கள். பிம்பம் இரண்டு நொடியில் அடங்கினால் வாங்கலாம். ஐந்தாறு நொடி ஆடிக்கொண்டே இருந்தால், அந்த முக்காலியில் நீங்கள் ஃபோகஸ் திருகைத் தொடும் ஒவ்வொரு முறையும் சனி குதிக்கும். எப்போது தெளிவாக இருக்கிறது என்று தீர்மானிக்கவே முடியாது. மொட்டை மாடிக் காற்றை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

போதாததற்குப் பூமி சுழல்கிறது. வானம் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. நூறு மடங்கில் சாதாரண ஐபீஸில் தெரிவது நிலா அகலத்துக்கு வானம். ஒரு கோள் அதை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 525 மடங்கிலோ அரை நிமிடம் கூட நிற்காது. பக்கத்தில் நிற்கும் பாட்டியை அழைத்து, அவர் கண்ணாடியைக் கழற்றிக் குனிவதற்குள் சனி வெளியே போயிருக்கும். ஆகவே தாங்கி அசையாமலும் இருக்க வேண்டும். தொட்டால் வழுக்கிக்கொண்டு நகரவும் வேண்டும்.

இந்த முரணைக் காசில்லாமல் தீர்த்துவைத்தவர் ஒரு துறவி. ஜான் டாப்சன் 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்த அமெரிக்கர், வேதியியல் படித்தவர், 1944-இல் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் சேர்ந்தார். பிரபஞ்சத்தை எல்லாரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வெறி அவருக்கு. கையில் பணமோ கிடையாது. கப்பல் ஜன்னலுக்கான தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக் குழாய் உடம்பானது. ஒட்டுப்பலகைப் பெட்டி தாங்கியானது. பெட்டி தரையோடு உட்கார்ந்திருக்கும். குழல் அதில் மேலும் கீழும் சாயும், பெட்டி இடமும் வலமும் சுற்றும். வழுக்கும் பரப்புகள் சும்மா உட்கார்ந்திருப்பதால் நடுங்க ஒரு காலே இல்லை. தொலைநோக்கிகளோடு அதிக நேரம் வெளியே போய்விடுகிறார் என்று 1967-இல் மடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் நடைபாதையில் கருவியை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்ட ஆரம்பித்தார். வடிவமைப்புக்குக் காப்புரிமை கேட்கவில்லை. 2014-இல் 98 வயதில் இறக்கும்போது உலகெங்கும் அமெச்சூர்கள் ‘டாப்சோனியன்’ என்ற அவர் பெயராலேயே அந்த வகையை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

லென்ஸா, ஆடியா என்பது பழைய சண்டை. ஒரே லென்ஸ் வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு இடத்தில் குவிக்கும். பிரகாசமான பொருளைச் சுற்றி ஊதா விளிம்பு கட்டும். இந்த நிறப்பிறழ்ச்சியைக் குறைக்க 17-ஆம் நூற்றாண்டில் குழலை நீட்டிக்கொண்டே போனார்கள். டான்சிக் நகரத்தில் ஹெவேலியஸ் கட்டியது 45 மீட்டரை ஒட்டிய நீளம். கப்பல் பாய்மரக் கயிறுகளோடு தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. லென்ஸே வேண்டாம், ஆடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்கிறதே என்று 1668-இல் கையடக்கமான ஓர் ஆடித் தொலைநோக்கியை நியூட்டன் செய்தார். பிறகு இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து நிறத்தை அடக்கும் லென்ஸ்களும் வந்துவிட்டன. இன்று தொடக்கக்காரருக்குக் கணக்கு வேறு: அதே காசுக்கு லென்ஸைவிட ஆடியில் அகலம் அதிகம் கிடைக்கும், அதே நேரம் ஆடியை அவ்வப்போது நேர்ப்படுத்த வேண்டும், லென்ஸை அப்படியே விட்டுவிடலாம். 70, 80, 90 மில்லிமீட்டர் லென்ஸ் குழல் ஒன்றைத் திடமான முக்காலியில் வாங்கியவர் ஏமாற மாட்டார். என் ஓட்டு 130 அல்லது 150 மில்லிமீட்டர் டாப்சோனியனுக்கு. மேசைமேல் வைக்கும் சிறிய வகையும் வருகிறது. பிளாஸ்டிக் ஸ்டூலில் மட்டும் வைக்காதீர்கள். மர முக்காலியோ கல் திண்ணையோ தேடுங்கள். 200 மில்லிமீட்டருக்கு ஆசைப்படுபவர்கள், இருபது கிலோவுக்குக் குறையாத சாமானை மூன்று மாடி ஏற்றி, மொட்டை மாடிச் சாவிக்கு அசோசியேஷன் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுவது எத்தனை நாளைக்கு நடக்கும் என்று யோசித்துக்கொள்ள வேண்டும். அலமாரியில் தூங்கும் எட்டு அங்குலத்தைவிட வெளியே வரும் நான்கு அங்குலம் அதிக வானத்தைக் காட்டும்.

ஆடிகளில் ஒரு வகையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பெட்டியில் 127/1000 என்று போட்டிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது குவியத் தொலைவு, இரண்டும் மில்லிமீட்டரில். நியூட்டன் வகைக் குழலின் நீளம் குவியத் தொலைவுக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும், அதாவது இங்கே ஒரு மீட்டர். ஸ்கேலை வைத்து அளந்தால் குழல் அரை மீட்டர்தான் இருக்கும். மீதி எங்கே போயிற்று? ஃபோகஸ் குழாய்க்குள் ஒரு சிறிய லென்ஸை ஒளித்துவைத்து, ஆடியின் குட்டைக் குவியத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். ஆடி பரவளைய வடிவில் இல்லாமல், செய்வதற்கு மலிவான கோள வடிவில் இருக்கும். அதன் குறையை அந்த லென்ஸ் சரிசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. மலிவுக் கருவிகளில் அது சரியாக நடப்பதில்லை, ஆடிகளை நேர்ப்படுத்துவதும் தலைவலி. இரண்டாவது எண்ணையும் குழலின் நீளத்தையும் ஒப்பிட்டாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

நம் அட்சரேகை சில முடிவுகளை நமக்காகவே எடுத்துவிடுகிறது. பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் ‘ஈக்வடோரியல்’ தாங்கி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதைத் துருவ விண்மீனை நோக்கி வைக்க வேண்டும். சென்னையில் துருவ விண்மீன் தொடுவானிலிருந்து 13 பாகைதான், நாகர்கோவிலில் எட்டு. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அதை மறைத்துவிடும். குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த சில மலிவுத் தாங்கிகளை இவ்வளவு தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி முக்காலிக் காலில் இடிக்கும். படம் எடுக்கும் திட்டம் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம். மறுபக்கம், நமக்குக் கோள்கள் உச்சியை ஒட்டிப் போகின்றன. காற்றின் கலக்கம் அங்கேதான் குறைவு. லென்ஸ் குழல் வைத்திருப்பவர் உச்சியைப் பார்க்கும்போது ஐபீஸ் தரைக்கு வந்துவிடும், பாயில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். 90 பாகை திருப்பும் கண்ணாடி இல்லாவிட்டால் கழுத்து போய்விடும். நியூட்டன் வகையில் ஐபீஸ் மேல்முனையில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. லண்டன்காரர் ஆயுளுக்கும் ஊரிலிருந்து பார்க்க முடியாத ஒமேகா சென்டாரி, லட்சக்கணக்கான விண்மீன்கள் அடைந்த கோளக் கொத்து, மே மாத முன்னிரவில் நமக்குத் தெற்கே நன்றாக மேலேறி நிற்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குழம்புபவர்களுக்கு ஒரு யோசனை: 10×50 பைனாகுலர். பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் முகப்பு. சுவரில் சாய்ந்தோ பாயில் படுத்தோ பிடித்தால் வியாழனின் நிலாக்கள், கார்த்திகைக் கூட்டத்தில் டஜன்கணக்கான விண்மீன்கள், நிலாவின் பெரிய பள்ளங்கள் எல்லாம் கிடைக்கும். வானத்தில் ஆர்வம் போய்விட்டாலும் பறவை பார்க்க உதவும். சின்னப் பிள்ளைகளுக்கு இதையே முதலில் கொடுப்பேன்.

பெட்டிப் படத்தின் நிறங்களை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். மங்கலான ஒளியில் நம் கண்ணில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது. ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும்; அந்தச் சிவப்பெல்லாம் கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து எடுத்தது. இன்னொரு விஷயத்தை நம்பவே கடினமாக இருக்கும்: எந்தத் தொலைநோக்கியாலும் ஒரு நெபுலாவின் பரப்பை, வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாக்கிக் காட்ட முடியாது. சேரும் ஒளி அதிகமாகும்போது பிம்பமும் அதற்கேற்பப் பெரிதாகிவிடுகிறது. பெரிதாவதால்தான் கண்ணுக்குப் பிடிபடுகிறது. தெருவிளக்கு வெளிச்சம் வானத்தையே வெளுக்கவைத்திருக்கும் நகரத்தில், பெரிய ஆடி அந்த வெளுப்பையும் சேர்த்தே வாரிக்கொண்டு வரும். நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள் இவற்றுக்கு நகரம் தடையே இல்லை. நெபுலாக்களுக்கும் அண்டங்களுக்கும் ஊரைவிட்டுப் போக வேண்டும். 2.3 மீட்டர் ஆடி 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு ஆய்வகத்தை ஜவ்வாது மலையில் காவலூர்க் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததற்கும் இருட்டு ஒரு காரணம்.

வாங்கிய பிறகு முதல் வேலையைப் பகலில் செய்யுங்கள். குழலின் மேல் இருக்கும் சிறு தேடுகருவியும் பெரிய குழலும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும்; கோயில் கோபுரக் கலசத்தையோ செல்ஃபோன் கோபுர விளக்கையோ பிடித்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம். இரவில் இதைச் செய்யப் போனால் பொறுமை போய்விடும். ஆரம்பத்துக்கு 20 அல்லது 25 மில்லிமீட்டர் ஐபீஸ். முதல் இலக்கு நிலா. பௌர்ணமி வேண்டாம், அன்று நேர்வெளிச்சத்தில் நிழலே இருக்காது. அமாவாசைக்குப் பின் ஏழெட்டு நாள் கழித்து வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களும் மலைகளும் எழுந்து நிற்கும்.

சூரியனைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. ஐபீஸில் திருகிக்கொள்ளும் கறுப்பு வடிகட்டி ஏதாவது பெட்டியில் இருந்தால் உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். குவிந்த வெயில் அந்தக் கண்ணாடியை எந்த நொடியிலும் விரிசல் விடவைக்கலாம். அடுத்த நொடி பார்வை போய்விடும். சூரிய வடிகட்டி குழலின் முன் முகப்பை முழுக்க மூட வேண்டும். அது இல்லாத கருவியைப் பகலில் பிள்ளைகள் கையில் தனியாக விடக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் குழலைச் சும்மா வைத்திருக்க வேண்டிவரும். ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், கடற்கரையில் உப்புக்காற்று ஆடியின் அலுமினியப் பூச்சை அரிக்கும். ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஆடியில் தூசி படிந்தால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் தூசியால் பிம்பத்துக்கு ஒன்றும் ஆகாது, வேட்டி முனையால் துடைத்த கீறல்தான் நிரந்தரம்.